மாதம் ஒரு முறை பங்கு பிரிக்கும் நாடு

நைஜீரியாவின் தலைநகர் அபுஜாவில் மாதாமாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. 36 மாநிலங்களின் நிதிப் பொறுப்பாளர்களும் கணக்கு அதிகாரிகளும் வந்து உட்காருவார்கள். அந்த மாதம் கச்சா எண்ணெயில் என்ன வந்தது, சுங்கத்தில் என்ன வந்தது, மதிப்புக் கூட்டு வரி எவ்வளவு என்று கணக்கு வாசிப்பார்கள். அப்புறம் பங்கு பிரிப்பார்கள். கூட்டம் பத்து நாள் தள்ளிப்போனால் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் மாநிலத்தில் ஆசிரியருக்குச் சம்பளமும் பத்து நாள் தள்ளிப்போகும். இந்தப் பணத்துக்கு அங்கே மக்கள் வைத்திருக்கும் பெயர் 'நேஷனல் கேக்'. எல்லாரும் வெட்டித் தின்ன வருகிறார்கள், அதைச் சுடுவதற்குத்தான் ஆள் இல்லை என்பது அந்த ஊர்ப் பழைய கிண்டல்.

நைஜீரியா தோற்றுப்போன அரசா, இல்லையா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். 2005ல் அமெரிக்க அரசின் தேசிய உளவு மன்றம், ஆப்பிரிக்காவின் அடுத்த 15 ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. நைஜீரியா அடியோடு சரிந்துவிடக்கூடும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அன்றைய அதிபர் ஒபசாஞ்சோ கொதித்துப்போய் மறுத்தார். கெடு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, நாடு உடையவில்லை. 1999லிருந்து தேர்தல் தவறாமல் நடக்கிறது. 2015ல் ஆளும் அதிபரே தோற்று, ஆட்சியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஆனால் அதே நாட்டின் வடமேற்கில், தன் சொந்த வயலில் விதைக்கப் போகிற விவசாயி துப்பாக்கிக் கும்பலுக்கு வரி கட்டிவிட்டுப் போகிறான். இரண்டும் ஒரே நாட்டில் எப்படி நடக்கின்றன என்று கேட்டால், பதிலில் பாதி அந்த மாதாந்திரக் கூட்டத்தில் இருக்கிறது.

உள்ளே போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நைஜீரியாவில் ஆளுநர் என்றால் மேலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர் இல்லை. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். நம் ஊர் முதலமைச்சரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், சட்டமன்றத்தின் தயவில் இல்லாத முதலமைச்சர்.

சரி, கதை 1960ல் தொடங்குகிறது. சுதந்திரம் பெற்றபோது அங்கே இருந்தவை மூன்றே பிராந்தியங்கள்: வடக்கு, மேற்கு, கிழக்கு. 1963ல் நான்காவதாக மத்திய மேற்கு வந்தது. ஒவ்வொன்றும் தனக்கென அரசியல் சட்டம் வைத்திருந்தது. தன் மண்ணில் கிடைக்கும் கனிம வருமானத்தில் பாதியைத் தானே வைத்துக்கொண்டது. மேற்குப் பிராந்தியம் கோகோவை விற்ற காசில் 1955லேயே இலவச ஆரம்பக் கல்வி கொண்டுவந்தது, 1959ல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது, இபாதான் நகரில் 'கோகோ ஹவுஸ்' என்ற பெயரிலேயே ஓர் உயரமான கட்டிடம் எழுப்பியது. வடக்கே கானோவில் நிலக்கடலை மூட்டைகளைப் பிரமிடு மாதிரி வானளாவ அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் படம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் எல்லாம் வரும். கிழக்கில் பனை எண்ணெய். வரி போடவும் வசூலிக்கவும் செலவழிக்கவும் அரசு அருகிலேயே இருந்தது.

அதைப் பொற்காலம் என்று சொல்பவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. மூன்று பிராந்தியங்களும் மூன்று பெரிய இனங்களின் கையில் இருந்தன: வடக்கு ஹௌசா-ஃபுலானிகளிடம், மேற்கு யோருபாக்களிடம், கிழக்கு இக்போக்களிடம். சிறிய இனங்கள் நசுங்கின. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அடிதடியாக மாறியது. தேர்தலில் தில்லுமுல்லு, மேற்கில் கலவரம். கடைசியில் 1966 ஜனவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிகாரத்துக்கு வந்த ஜெனரல் இரோன்சி இக்போ இனத்தவர். அவர், மே மாதம் 34ஆம் ஆணை என்ற ஒன்றைப் போட்டுப் பிராந்தியங்களையே ஒழித்தார், நாடு முழுக்க ஒரே நிர்வாகம் என்றார். இரண்டே மாதத்தில் எதிர்க் கலகத்தில் அவர் கொல்லப்பட்டார். வடக்கில் குடியேறியிருந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

1967 ஜனவரியில் கானாவின் அபுரி என்ற மலையூரில் மத்திய ராணுவ அரசும் கிழக்குப் பிராந்தியமும் இரண்டு நாள் பேசின. உடன்பாடு என்று சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். மே 27 அன்று புதிய ராணுவத் தலைவர் கோவோன் நான்கு பிராந்தியங்களை உடைத்து 12 மாநிலங்கள் ஆக்கினார். மூன்றே நாளில் கிழக்கு, பயாஃப்ரா என்ற தனி நாடாகத் தன்னை அறிவித்தது. அந்த 12 மாநில வரைபடத்தை இன்று விரித்துப் பார்த்தாலும் அதன் சூட்சுமம் புரியும். எண்ணெய்க் கிணறுகள் இருந்த டெல்டா கரையோரத்தின் பெரும்பகுதியை இக்போ நிலத்திலிருந்து கத்தரித்துத் தனி மாநிலங்களில் போட்டுவிட்டார்கள். முப்பது மாதப் போரும் பட்டினியும் தின்ற உயிர்களைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை பலவாறாகச் சொல்கிறார்கள். 1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது.

அந்தப் போரிலிருந்து ராணுவம் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: தனியாகப் பிரிந்து போகிற அளவுக்கு எந்த மாநிலமும் பெரிதாக இருக்கக் கூடாது. 12 என்பது 1976ல் 19 ஆனது. 1987ல் 21. 1991ல் 30. 1996ல் 36. எல்லாமே ராணுவ ஆட்சிகள் போட்ட கோடுகள். மக்களாட்சி வந்தபிறகு ஒரு மாநிலம்கூடப் புதிதாகப் பிறக்கவில்லை. பிரிவினையைத் தடுக்கும் மருந்தாகப் பார்த்தால் இது வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். பக்கவிளைவுதான் பெரிது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தலைநகர், ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் வந்தன. அவற்றை நடத்தத் தேவையான வருமானம் வரவில்லை. அதே வருடங்களில் எண்ணெய் பெருகியது. 1956ல் ஒலோய்பிரி என்ற சதுப்பு நிலக் கிராமத்தில் கண்டெடுத்த எண்ணெய், எழுபதுகளில் அரசின் மொத்த வயிற்றையும் நிரப்பியது. கிணறு இருக்கும் மாநிலத்துக்கான பங்கை ராணுவம் 50 சதவீதத்திலிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டே வந்தது. 1999 அரசியல் சட்டம் அதைக் குறைந்தது 13 சதவீதம் என்று நிறுத்தியது. கோகோவும் கடலையும் யாருக்கும் தேவைப்படாமல் போயின. கானோவின் பிரமிடுகள் காணாமல் போயின.

இப்போது பங்கீட்டுச் சூத்திரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் வியாதியின் விலாசம் அங்கேதான் இருக்கிறது. எண்ணெய் மாநிலங்களின் 13 சதவீதம் போக மீதியில் மத்திய அரசுக்கு 52.68 சதவீதம், மாநிலங்களுக்கு 26.72, உள்ளாட்சிகளுக்கு 20.60. மாநிலங்களின் பங்கை அவற்றுக்குள் பிரிக்கும்போது 40 சதவீதம் 'சமத்துவம்' என்ற கணக்கில் போகிறது. அதாவது மாநிலமாக இருப்பதற்கே அந்தக் காசு, பெரிசு சிறிசு என்ற பேதமில்லை. மக்கள்தொகைக்கு 30. சொந்தமாக வரி திரட்டும் முயற்சிக்கு வெறும் 10. இந்தக் கணக்கைப் படிக்கிற எந்த ஆளுநரும் வரி வசூலிப்பதைவிட, தன் மாவட்டத்தைத் தனி மாநிலமாக்கு என்று கேட்பதுதான் லாபம் என்று புரிந்துகொள்வார். வரி கட்டாத மக்களுக்கும் ஆளுநரைக் கேள்வி கேட்கும் உறுத்தல் குறைவு. காசு அபுஜாவிலிருந்து வருகிறது, நம் சட்டைப்பையிலிருந்து போகவில்லையே!

எண்ணிக்கை பணமாகும்போது எண்ணுவதே சண்டையாகிறது. கடைசியாக மக்களை எண்ணியது 2006ல். வடக்கே கானோவில் 94 லட்சம், தெற்கே லாகோஸில் 91 லட்சம் என்று முடிவு வந்தது. லாகோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தானே எடுத்த கணக்கில் 1.75 கோடி என்றது. அடுத்த கணக்கெடுப்பு 2023ல் நடப்பதாக இருந்து தள்ளிப்போனது. உள்ளாட்சிகளின் எண்ணிக்கையும் அப்படியே. லாகோஸ் மாநிலத்தில் 20 உள்ளாட்சிகள். கானோவில் 44. கானோவிலிருந்து 1991ல் பிரிந்த ஜிகாவாவில் 27. மொத்தம் 774 உள்ளாட்சிகளின் பெயர்களும் அரசியல் சட்டத்திலேயே அச்சாகியிருக்கின்றன. ஒரு தாலுகாவைக் கூட்டவோ குறைக்கவோ நாட்டின் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

2003ல் லாகோஸ் ஆளுநர் ஒருவர் இதை மீறிப் பார்த்தார். கூடுதலாக 37 உள்ளாட்சிகளை உருவாக்கினார். அதிபர் ஒபசாஞ்சோ 2004ல் லாகோஸ் உள்ளாட்சிகளுக்கான பணத்தையே நிறுத்தினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பணத்தை நிறுத்த அதிபருக்கு அதிகாரம் இல்லை என்று 2004 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அப்போதும் பணம் வரவில்லை. அடுத்த அதிபர் யார்'அதுவா 2007ல் பதவிக்கு வந்தபிறகுதான் முழுசாக விடுவித்தார். மாநில உரிமைக்காகப் பிடிவாதமாக நின்ற அந்த ஆளுநரின் பெயர் போலா டினுபு. பணம் வராத வருடங்களில் லாகோஸ் தன் வரி வசூலைத் தேற்றிக்கொண்டது. இன்று மத்தியின் பங்கு இல்லாமலே ஓரளவு நிற்கக்கூடிய மாநிலம் என்று எல்லாரும் முதலில் சொல்வது லாகோஸைத்தான்.

அதே டினுபு 2023ல் அதிபரானார். 2025 மார்ச் 18 அன்று எண்ணெய் வளம் மிகுந்த ரிவர்ஸ் மாநிலத்தில் நெருக்கடி நிலை அறிவித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் ஃபுபாராவையும் துணை ஆளுநரையும் சட்டமன்றத்தையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் மாநிலத்தை நடத்தினார். நெருக்கடி நிலையை அறிவிக்க 305ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆளுநரை நிறுத்தி வைக்கலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 2013ல் போகோ ஹராம் என்ற இஸ்லாமியத் தீவிரவாத அமைப்பின் கொடூரம் உச்சத்தில் இருந்தபோது போர்னோ உட்பட மூன்று மாநிலங்களில் நெருக்கடி நிலை போட்ட அதிபர் ஜொனாதன், ஆளுநர்களைத் தொடவில்லை. நாற்காலி மாறினால் கூட்டாட்சி பற்றிய கருத்தும் மாறும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆளுநர்களைப் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். மத்தி தங்களுக்குச் செய்வதை அவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அப்படியே செய்கிறார்கள். உள்ளாட்சிகளுக்கான 20.60 சதவீதம் நேராக உள்ளாட்சிக்குப் போவதில்லை. 'மாநில-உள்ளாட்சிக் கூட்டுக் கணக்கு' என்ற ஒன்றில் விழும். அதன் சாவி நடைமுறையில் ஆளுநர் கையில். பல மாநிலங்களில் வருடக்கணக்காக உள்ளாட்சித் தேர்தலே வைக்காமல், ஆளுநர் நியமித்த குழுக்களே நிர்வாகம் நடத்தின. தேர்தல் வைத்தாலும் அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆளுநரின் கட்சி எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்ளும். கிராமத்துக் குழாய், ஆரம்ப சுகாதார நிலையம், மண் சாலை என்று மக்கள் அரசைத் தொட்டுப் பார்க்கும் இடமெல்லாம் இந்தக் கடைசிப் படிதான். அது காலியாகக் கிடக்கிறது. 2024 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிப் பணத்தை நேராக உள்ளாட்சிக்கே கொடு என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த வேகத்தில் பணம் போகவில்லை.

இதற்கு மேல் 'பாதுகாப்பு நிதி' என்று ஒன்று உண்டு. ஆளுநர் கணக்குக் காட்டாமல் செலவழிக்கலாம் என்று வழக்கத்தில் வந்துவிட்ட பணம். பாதுகாப்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு அந்த நிதி கூடும். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

2023 மே மாதம் டினுபு பெட்ரோல் மானியத்தை நிறுத்தினார், ஜூனில் நாட்டு நாணயமான நைராவின் மதிப்பையும் சந்தையிடம் விட்டார். டாலருக்கு 460 என்று இருந்தது 1,500ஐ ஒட்டிப் போனது. எண்ணெய் டாலரில் விற்கும் பொருள், ஆக நைராக் கணக்கில் பங்குப் பணம் பொங்கியது. 2025ல் ஒரே மாதத்துப் பங்கு 2 லட்சம் கோடி நைராவைத் தாண்டியது. சந்தையில் அரிசி விலையும் அதே வேகத்தில் ஏறியது. ஆளுநர் மாளிகைகளுக்கு நல்ல காலம், தெருவுக்கு இல்லை.

பங்கீட்டில் வேடிக்கையான ஒரு மூலையும் உண்டு. கானோவில் ஷரியா சட்டத்தின்படி மது விலக்கு. அங்கே ஹிஸ்பா என்ற மதக் காவலர்கள் பீர் பாட்டில்களைப் பறிமுதல் செய்து, லட்சக்கணக்கில் தரையில் பரப்பி, புல்டோசர் ஏற்றி நொறுக்குவார்கள். ஆனால் தெற்கே விற்ற பீருக்கு வசூலான மதிப்புக் கூட்டு வரி பொதுத் தொட்டிக்குப் போய் அங்கிருந்து கானோவுக்கும் பங்காக வரும். இதைச் சுட்டிக்காட்டிக் கொதித்தவர்களில் அன்றைய ரிவர்ஸ் ஆளுநர் விக்கேயும் ஒருவர். வரியை நாங்களே வசூலிப்போம் என்று 2021ல் ரிவர்ஸ் நீதிமன்றம் போய் ஒரு சுற்று ஜெயிக்கவும் செய்தது. பீர் பாட்டில் சின்ன விஷயம்தான். கூட்டாட்சியில் யாருக்கு யார் மேல் கோபம் என்பதை மொத்தமாகக் காட்டும் பாட்டில் அது.

பணத்தை விட்டுவிட்டுப் பாதுகாப்புக்கு வருவோம். நைஜீரியா முழுமைக்கும் ஒரே காவல் படை. வேறு எந்தக் காவல் படையும் இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 214ஆம் பிரிவு சொல்கிறது. ஆளுநரை மாநிலத்தின் 'தலைமைப் பாதுகாப்பு அதிகாரி' என்று அழைப்பார்கள். 215ஆம் பிரிவின்படி அவர் மாநிலக் காவல் ஆணையருக்கு உத்தரவு போடலாம். ஆனால் ஆணையர், 'இதை அதிபரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று திருப்பி அனுப்பலாம். அதுவும் அதே பிரிவில் இருக்கிறது. காவல் வண்டிக்கு டீசல் போடுவது பல இடங்களில் மாநில அரசு. வண்டி எங்கே போகும் என்று முடிவு செய்வது அபுஜா. கிராமத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பொறுப்பு யாருடையது என்று தெரிவதற்குள் கும்பல் காட்டுக்குள் போய்விடும்.

ஜம்ஃபாரா மாநிலம் இப்படித்தான் கைநழுவியது. மாடு திருட்டில் தொடங்கியது. மேய்ப்பர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிலத் தகராறு, தீர்த்து வைக்க நீதிமன்றமோ நம்பத் தகுந்த காவலோ இல்லை. ஊர்க்காவல் கும்பல்கள் பழிவாங்கின, எதிர்த்தரப்பு ஆயுதம் வாங்கியது. தங்கச் சுரங்கம் இருந்ததால் ஆயுதத்துக்குக் காசும் கிடைத்தது. பிறகு கடத்தலே தொழில் ஆனது. 2019ல் பக்கத்து மாநிலமான கட்சினாவின் ஆளுநர், ஏ.கே. 47 துப்பாக்கியோடு நின்ற கும்பல் தலைவனுக்கு அருகில் நின்று எடுத்துக்கொண்ட படம் நாடெல்லாம் சுற்றியது. அரசு கும்பலுடன் சமாதானம் பேசுகிறது, கும்பல் ஆயுதத்தைக் கீழே வைக்காமலே பேசுகிறது! விதைக்க ஒரு தொகை, அறுக்க ஒரு தொகை என்று கும்பல்கள் ஊர்ஊராக வசூலிக்கின்றன. சில இடங்களில் குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்துச் சொல்வதும் அவர்கள்தான். வரியும் தீர்ப்பும் வேறு கைக்குப் போன இடத்தில் அரசு இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், வரைபடத்தில் என்ன நிறம் அடித்திருந்தாலும்.

தூரத்து எல்லை என்று ஒதுக்கவும் முடியாது. 2014 ஏப்ரலில் போர்னோவின் சிபோக்கில் 276 மாணவிகளைக் கடத்தியபோது உலகமே குரல் கொடுத்தது. 2022 மார்ச்சில் அபுஜாவிலிருந்து கடுனா போன ரயிலையே குண்டு வைத்து நிறுத்திப் பயணிகளைக் கடத்தினார்கள். அதே வருடம் ஜூலையில் அபுஜாவை ஒட்டிய குஜே சிறையை உடைத்து 800க்கும் மேற்பட்ட கைதிகளை வெளியேற்றினார்கள். அதிபர் மாளிகையிலிருந்து கார் ஓட்டிப் போகிற தூரம்.

மத்தி கைவிட்ட இடத்தில் மாநிலங்கள் தாங்களே ஏதாவது செய்யத்தானே பார்க்கும்? 2020 ஜனவரியில் தென்மேற்கின் ஆறு யோருபா மாநிலங்கள் சேர்ந்து 'அமோடெகுன்' என்ற காவல் அமைப்பைத் தொடங்கின. சிறுத்தை என்று பொருள். சட்டவிரோதம் என்றார் மத்தியத் தலைமை வழக்கறிஞர். பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டம் போட்டு நிலைநிறுத்தியது. ஆனாலும் கும்பலிடம் ஏ.கே. 47 இருக்க, இவர்களிடம் நாட்டுத் துப்பாக்கி.

அதிகாரம் கீழே வந்தால் ஏதாவது நடக்குமா என்பதற்கு மின்சாரம் ஓர் உதாரணம். இருபது கோடிக்கும் மேல் மக்கள் இருக்கும் நாட்டில் மின்தொகுப்பில் ஓடுவது 5,000 மெகாவாட் அளவுதான். 2024ல் மட்டும் பத்துத் தடவைக்கு மேல் தொகுப்பு படுத்தது. வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர். சின்ன ஜெனரேட்டருக்கு 'என் பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் பரவாயில்லை' என்றே செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மின்தொகுப்பு உள்ள பகுதிகளிலும் மாநிலங்களே மின்சாரம் தயாரிக்கலாம், விநியோகிக்கலாம் என்று அனுமதித்தார்கள். எனுகு, எகிட்டி, ஒண்டோ, லாகோஸ் என்று வரிசையாகப் பல மாநிலங்கள் ஒழுங்குமுறைப் பொறுப்பைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டன. விளக்கு எரிகிறதா என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது. எரியாவிட்டால் யாரைத் திட்டுவது என்பதாவது அங்கே இனித் தெரியும்.

காவலையும் அப்படிப் பிரித்துக் கொடுத்தால் என்ன? 2024 பிப்ரவரியில் அதிபரும் ஆளுநர்களும் உட்கார்ந்து மாநிலக் காவல் பற்றிப் பேசினார்கள். பெரும்பாலான ஆளுநர்கள் இப்போது அதற்கு ஆதரவு. அறுபதுகளை அறிந்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அன்று உள்ளூர் நிர்வாகங்களின் கையில் காவலர்கள் இருந்தார்கள், வடக்கிலும் மேற்கிலும் எதிர்க்கட்சிக்காரர்களை அடித்து உள்ளே தள்ள அவர்களைத்தான் பயன்படுத்தினார்கள். உள்ளாட்சித் தேர்தலில் ஓர் இடம்கூட எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுக்காத ஆளுநரிடம் துப்பாக்கிப் படையையும் கொடுத்தால் என்ன ஆகும்? பயம் நியாயமானது. என் அபிப்பிராயத்தில், ஜம்ஃபாரா மாதிரி இடத்தில் அந்தப் பயத்தையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. மாநிலக் காவலைக் கண்காணிக்க ஆளுநருக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பைச் சட்டத்திலேயே எழுதாமல் கொடுப்பது மட்டும் தவறு.

எதைச் செய்வதானாலும் அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்று, 36 மாநிலச் சட்டமன்றங்களில் 24ல் தேற வேண்டும். மின்சாரத் திருத்தம் அங்கே சுலபமாகத் தேறியது, அது மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. அதே தொகுப்பில் உள்ளாட்சிகளுக்கு நிதிச் சுதந்திரம் கொடுக்கும் திருத்தமும் அனுப்பப்பட்டிருந்தது. அதற்கு 24 சட்டமன்றங்கள் கிடைக்கவில்லை.